மூன்றாம் ஓலைக்கு முன்

"போனைப் பிடுங்கிப் பார்ப்பான், அடிப்பான், அப்புறம் அழுது மன்னிப்புக் கேட்பான். அதற்குப் பேர் அன்பு இல்லை" என்று கிளாடிஸ் டீச்சர் முடிக்கவும் மணி அடித்தது. எட்டாம் வகுப்பு காலியானது. ஏஞ்சலின் மட்டும் எழவில்லை.

"டீச்சர், நீங்க சொன்னது அம்புட்டும் எங்க அக்காவுக்கு நடக்கு. நிச்சயம் பண்ணினதுலருந்து மாப்பிள்ளை இப்படித்தான். நேத்து அடிச்சதுல கம்மல் தெறிச்சிட்டு."

"வீட்ல சொன்னாளா?"

"சொன்னா. 'ஏளா, ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஹார்பர்ல வேலை பாக்குற மாப்பிள்ளை இனி கிடைப்பானா'ன்னு அம்மா கேக்காவ."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பேரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் அதற்குள் சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது ஓலை நாளைக்கு.

கிளாடிஸுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கரும்பலகையை அழித்தார். அழித்த இடத்தையே மறுபடியும் அழித்தார்.

"அக்காட்ட, யார்ட்டயும் ஒண்ணும் பேச வேண்டாம்னு சொல்லு. நீ வீட்டுக்குப் போ."

இவங்களும் இப்படித்தானா என்பதுபோல் ஏஞ்சலின் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கிளாடிஸ் சொன்னதைக் கேட்டுப் பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பொண்ணு வீட்டுலயே வாயத் திறக்கல. தடை சொல்ல நீங்க வந்திருக்கீங்களே, டீச்சர்."

"அவ சொன்னா அவ பேருதான் கெடும், சாமி."

"மாப்பிள்ளை இங்கன வந்து சண்டைக்கு நிப்பான். யாரு சொன்னதுன்னு கேப்பான்."

"அவனைப் பெத்த அம்மா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க, சாமி. நான் வீட்லதான் இருப்பேன்."