விழுந்து விழுந்து சிரித்தவர்

பழங்கால மோட்டார் பந்தயத்தைப் பற்றிய அந்தச் சிரிப்புப் படத்துக்குப் பொலெத் வீட்டில் சொல்லாமல்தான் வந்திருந்தாள். சென்னையிலிருந்து கிளம்பிய ஓட்டைக் கார் வீராம்பட்டினத்துச் சேற்றில் குட்டிக்கரணம் போட்டதும் தியேட்டரே சிரித்தது. முன்வரிசையில் ஒருவன் மட்டும் நிறுத்தவே இல்லை.

எழுந்துபோய் இருட்டில் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"வாயை மூடுய்யா! ஷூட்டிங்ல ஹீரோவுக்குப் பதிலா அங்க விழுந்தது எம் புருஷன். இடுப்பு ஒடஞ்சி, ரெண்டு வருஷமா சிரிப்பையே மறந்துட்டாரு. உனக்கு இளிப்பு கேக்குதா?"

"விடும்மா, படம் பாக்கணும்!" என்று பக்கத்தில் கத்தினார்கள்.

"மனுசனாய்யா நீ?" என்று அவள் உலுக்கினாள்.

இடைவேளை விளக்கு எரிந்தது.

சட்டை கசங்கி உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் ஆந்தனி. அந்தப் படத்தின் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாதென்று சண்டை போட்டவர். சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார்:

"நல்லாத்தான் விழுந்திருக்கேன், இல்ல?"