ஆட்டு வாத்தியாரின் எழுத்துப் பட்டறை

பருந்து தூக்கிப்போன தன் குஞ்சின் கதையைப் பூவரச இலையில் எழுதி எடுத்துக்கொண்டு, ஆடு நடத்திய எழுத்துப் பட்டறைக்குப் போனது கோழி. தன் காலத்துக்குப் பிறகும் அந்தக் குஞ்சை நாலு பேர் நினைக்க வேண்டும் என்பதுதான் அதன் ஆசை.

"வர்ணனை ஜாஸ்திம்மா" என்று ஆடு இலையை ஒரு கடி கடித்தது. "அழுகையும் வேண்டாம்." இன்னொரு கடி.

"சாமி, காப்பாத்து" என்று கண்ணை மூடிக்கொண்டது கோழி.

பக்கத்தில் ஏழாவது முறையாகப் பட்டறைக்கு வந்திருந்த கழுதை, "கொடுத்து வச்சவ நீ! என் கதைய ஐயா ஒரே வாயில முடிச்சுட்டாரு" என்றது.

கடைசியில் காம்புதான் மிஞ்சியது.

"இப்பத்தான் கச்சிதம்!" என்றது ஆடு.

"ஐயா, என் குஞ்சு எங்கேய்யா?"

ஆடு நிதானமாக ஏப்பம் விட்டது. "அதை வாசகர் ஊகிச்சுக்குவாரும்மா."