பின் டயர்

டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

பாதி நகம் மறைந்தது. விஷயம் தெரிந்தவள் போலத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஒன்றும் தெரியாது. ஆனால் பதினாறு பெண்கள் அவளை நம்பி அனுப்பியிருந்தார்கள். புது டயர் மாட்டியதை நீ உன் கண்ணால் பார்த்துவந்து சொன்னால்தான் நாளைக்கு வண்டியேறுவோம் என்று. குச்சிக்கிழங்கு பிடுங்கும் வேலைக்கு அவர்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிற மேஸ்திரி அவள்.

எட்டு நாளைக்கு முன்னால் அவர்களை ஏற்றிப்போகும் பிக்கப் வண்டியின் பின் டயர் வெடித்தது. பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுவந்த பாவாயி ரோட்டில் விழுந்தாள்.

விழுந்தவள்தான்.

டிரைவர் மாதேசு முதலாளிக்குப் போன் போட்டபோது மேஸ்திரி அவன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அண்ணே, லோடு சரிஞ்சிருச்சுண்ணே."

அந்தப் பக்கத்துக் கேள்வியும் அவள் காதில் விழுந்தது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லியே?"

முதலாளி செங்கோட்டுவேலு தங்கமான மனிதர். ஊரில் அப்படித்தான் பேச்சு. பேச்சை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். மூன்று சங்கங்களுக்குத் தலைவர், ஒன்றுக்குக் கௌரவத் தலைவர். பாவாயிக்கு அன்றைக்கே கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார். பன்னிரண்டடி. அதில் கைகூப்பி நிற்கும் அவர் பத்தடி. மீதி இடத்தில் பாவாயி, ஆதார் கார்டில் இருந்த அதே முகத்தோடு.

பேனரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வேறு போட்டோ கைவசம் இல்லையாம்.

இப்போது அவர் கடைக்குள் ஒவ்வொரு டயரையும் செருப்புக் காலால் உதைத்துப் பார்த்தார். எந்த டயரும் எதிர்த்துப் பேசவில்லை.

"டயருங்கிறது வெறும் ரப்பர் இல்ல பாய். பொறுப்பு."

முப்பது வருடமாக டயர் விற்கும் நூருல்லா பாய், "அப்படீங்களா" என்றார்.

"இந்த சைஸ்ல ரெண்டுதான் இருக்குதுங்க. மத்த ரெண்டு அடுத்த வாரம் வரும்."

"ரெண்டு போதும்."

"அப்பப் பின்னாடி மாட்டிறலாங்க. கம்பெனிக்காரனும் புதுசைப் பின்னாடிதான் போடச் சொல்றான். முன்னாடி போச்சுன்னா ஸ்டியரிங்கை இறுக்கிப் புடிச்சுக்கலாம். பின்னாடி போனா எதைப் புடிக்கிறது?"

"கம்பெனிக்காரனா வந்து ஓட்டப் போறான்?" செங்கோட்டுவேலு சிரித்தார். பேனர் சிரிப்பு. "புதுசை முன்னாடி மாட்டு. முன்னாடி இருக்கிறதைக் கழட்டிப் பின்னாடி போடு. எங்கப்பா லாரி ஓட்டுன காலத்துச் சட்டம் பாய் அது. முன்னாடி உசுரு, பின்னாடி லோடு."

மாதேசு தலையாட்டினான். பஞ்சர் ஒட்டுகிறவர் தலையாட்டினார். டீ கொண்டுவந்த ஆளும் ஆட்டினார். ரோட்டில் பிழைக்கிற எல்லாருக்கும் மனப்பாடமான வாக்கியம். அவளும் நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

பின்னால் நின்றபடி.

பின்னால் மாட்டுவதற்காக முன்னாலிருந்து கழற்றிய பழைய டயர்கள் அவள் காலடியில் வந்து சாய்ந்தன. பக்கவாட்டில் கோடு கோடாக வெடிப்பு.

டயர் அவளுக்குத் தெரியாது. வெடிப்பு தெரியும். அவள் குதிகாலில் இருப்பதும் அதுதான்.

"ஏனுங்க, இதுல வெடிப்பு ஓடியிருக்குதுங்களே."

ஸ்பேனர் நின்றது.

"அது வெடிப்பில்ல மேஸ்திரியம்மா, ரேகை," என்றார் செங்கோட்டுவேலு. "வயசானா நமக்கெல்லாம் வர்றதில்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பாய் மட்டும் குனிந்து எதையோ தேடினார்.

சிரிப்பு அடங்கியதும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். தர்மம் செய்யும்போது அவர் குரல் தாழும், நாலு பேருக்குக் கேட்கிற அளவுக்கு.

"பயமா இருந்தா நீங்க நாளையில இருந்து முன்னாடி உக்காந்துக்கங்க. கூட ஒருத்தரையும் ஏத்திக்கங்க. நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

அவள் வாயைத் திறந்தாள்.

இந்த வண்டி இல்லையென்றால் வேறு வண்டி இல்லை. நாளைக்குப் போகவில்லையென்றால் கிழங்குக்காரர் வேறு ஊர் ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். அப்புறம் இந்தப் பருவம் முழுக்கப் பதினாறு வீட்டில் அடுப்பு யோசித்துத்தான் எரியும்.

வாயை மூடிக்கொண்டாள்.

வண்டிக்குச் சூடம் காட்டினார்கள். எலுமிச்சம்பழம் இரண்டு. இரண்டும் முன் சக்கரத்துக்கு.

ஊர்த் தண்ணீர் டேங்க் பக்கத்தில் பதினாறு பேரும் காத்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மாட்டியாச்சாக்கா?"

"மாட்டியாச்சு."

"உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். புத்தம் புதுசு. மேல இருக்கிற ரப்பர் முடிகூட இன்னும் உதிரல."

"முடியோடவா? அப்ப நம்ம மாதேசை விட லட்சணமா இருக்கும்னு சொல்லு," என்றாள் ஒருத்தி.

எட்டு நாளில் முதல் முறையாக அவர்கள் சிரித்தார்கள். மாதேசின் வழுக்கையை வைத்து இன்னும் இரண்டு பேச்சு வந்தது. யாரோ ஒருத்தி அவள் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

முன்னாலா பின்னாலா என்று யாரும் கேட்கவில்லை.

டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

கைப்பிள்ளைக்காரிகளே ஐந்து பேர்.