குறையும் மாத்திரைகள்

அக்காள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்வந்த அம்சவேணி, அத்தான் தணிகைவேல் தன்னைப் பலவந்தப்படுத்தியதை அரசு மருத்துவமனை நர்ஸிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். எய்ட்ஸ் கிருமி தொற்றாமலிருக்க ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை நர்ஸ் மருந்தின் பெயர் ஒட்டிய டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

"ஒரு நாள்கூட விட்டுடாதம்மா. விட்டா சாப்பிட்டதும் வீணாப் போயிடும்."

டப்பாவைப் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். மாத்திரை வயிற்றைப் புரட்டியது, பொறுத்துக்கொண்டாள். பாதி மாதம் முடிவதற்குள் டப்பாவின் அடி தெரிந்தது. அவள் இல்லாத வேளைகளில் ஒரு கை அந்தப் புடவைகளுக்குள் நுழைந்து வெளியேறியிருக்கிறது. யாருடைய கை என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தணிகைவேல் சோற்றைத் தொடாமல் தட்டை நகர்த்தினான்.

"உனக்கும் குமட்டுது, இவருக்கும் குமட்டுது. ரெண்டு பேருக்கும் ஒண்ணா மசக்கையாடி?" என்று சிரித்துக்கொண்டே அக்காள் ரசம் எடுக்க உள்ளே போனாள்.

அந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக அவன் அம்சவேணியிடம் பேசினான். முகம் வெளிறியிருந்தது, குரலில் கோபம் இருந்தது.

"உனக்கு அந்த வியாதி இருக்குன்னு ஏன் முன்னாடியே சொல்லல? டப்பா தீர்ந்தா இன்னும் குடுப்பாங்களா?"

ரசப் பாத்திரத்தோடு திரும்பிய அக்காள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"எந்த டப்பா?"