முதலாளி சொன்னது

“திங்கக்கிழம தேரு பாக்கப் போறவளுவ அப்பிடியே போயிரட்டும். திரும்பி வந்து எனக்க களத்துல கால் வைக்காண்டாம்னு சொல்லும். செவ்வாக்கிழம காலத்தே தோணி பொறப்படும். கயிறு பாதிகூட முடியல்ல, இந்த மூதியளுக்குத் தேரு கேக்குதாக்கும்?”

செல்வதாஸ் முதலாளி போட்ட சத்தத்தில் மேசை மேலிருந்த தண்ணீர்ச் செம்பே அதிர்ந்தது. கங்காணி நேசையன் எதிரே கைகட்டி நின்று, எல்லாவற்றுக்கும் “சரி முதலாளி” என்றார். பிறகு ஓலைத் தட்டியை விலக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார்.

இராஜாக்கமங்கலத்தில் கடலை ஒட்டியிருந்த கயிற்றுக் களம் அது. பெண்கள் ராட்டுகளைச் சுழற்றித் தேங்காய்த் தும்பைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடகடப்பில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. நேசையன் கையைத் தூக்கியதும் எல்லா ராட்டுகளும் நின்றன.

“முதலாளி என்ன சொன்னாரு அண்ணாச்சி?” என்று கேட்டாள் சொர்ணம்மாள். சாமிதோப்புத் தேருக்கு எல்லோருக்குமாக விடுப்புக் கேட்டவள் அவள்தான்.

நேசையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ரெம்ப சங்கடப்பட்டாரு மக்கா. சாமி பாக்கப் போறவங்கள போகாண்டாம்னு எனக்க வாயால எப்பிடிச் சொல்லுவேன்னாரு. தோணிக்கு உள்ள கயிற சனிக்கிழமைக்குள்ள முறுக்கித் தந்தா போரும். திங்கக்கிழம சந்தோசமாப் போயிட்டு வாங்கன்னாரு.”

“தங்கமான மனுசன்,” என்றாள் சொர்ணம்மாள்.

ராட்டுகள் முன்னைவிட வேகமாகச் சுழன்றன. தங்கமான மனுசனை அந்த நிமிடத்தில் செய்து கொடுத்தவர் மட்டும் ஓலைத் தட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. முன்பெல்லாம் முதலாளியே களத்தில் இறங்கிப் பேசுவார். பேசின மறுநாள் பாதிப் பேர் குளச்சல் பக்கம் வேறு களத்துக்குப் போய்விடுவார்கள். அப்புறம்தான் நேசையனை வேலைக்கு வைத்து, “களத்துல பேச்செல்லாம் இனி உம்ம பாடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து முதலாளி ‘சோம்பேறிக் கூட்டம்’ என்றால், நேசையன் ‘களைச்சுப் போயிருக்கியளே’ என்பார். ‘தொலையட்டும்’ என்பது களத்துக்கு வரும்போது ‘பாத்து பைய போங்க’ என்று ஆகியிருக்கும். களத்துப் பெண்கள் முதலாளிக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். முதலாளிக்கு அந்த விசுவாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது என்பது நேசையனின் எண்ணம்.

ஆனால் இதுவரை அவர் மாற்றியது வார்த்தையை மட்டும்தான். இந்த முறை உத்தரவையே மாற்றிவிட்டார். திங்கட்கிழமை வெறும் களத்தைப் பார்த்தால் முதலாளி சும்மா விடமாட்டார். ஐம்பது தாண்டின ஆளை வேறு எந்தக் களத்தில் சேர்ப்பார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் ராட்டுகள் கடைசிக் கட்டுக்காக ஓடிக்கொண்டிருந்தன. சொர்ணம்மாள் ஒரு பெட்டி நிறையப் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து முதலாளிக்குக் கொடுக்கச் சொன்னாள்.

“இதச் சொமந்துட்டு வரச்சொல்லி யாரு கேட்டா? வேற சோலி இல்லியா அவளுவளுக்கு?” என்று முதலாளி கத்தினார். கை மட்டும் ஒரு கிழங்கை எடுத்து நார் உரித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்த நேசையன் கையைத் தூக்கி ராட்டுகளை நிறுத்தி, “இப்பிடி ஒரு கிழங்கு தின்னு எத்தன காலமாச்சுன்னாரு,” என்றார். சொர்ணம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் பொய் பேசும் நாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நேசையன் கடைசி ஜெபம் வரை தலையைத் தூக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் களத்தில் ஈ காக்கை இல்லை. முதலாளி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சும்மா கிடந்த ராட்டுகளைப் பார்த்தார். கூரையை முட்டிக்கொண்டிருந்த கயிற்றுக் கட்டுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நேசையன் களத்துச் சாவியை மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

“தப்பு என்னுதுதான் முதலாளி. பெண்ணாளுவள ஒண்ணும் சொல்லாண்டாம். நீங்க சொன்னதா நான்தான் அவங்ககிட்ட...”

“சந்தோசமாப் போயிட்டு வாங்கன்னு சொன்னீரு. கேட்டுது.”

நேசையன் நிமிர்ந்து பார்த்தார். “கேட்டுதா?”

“நீரு பேசும்பம் ராட்டு ஓடாதுல்லா? ஒரு ஓலைக்கு அந்தாண்டதான இருக்கேன். மொத நாள்ல இருந்தே கேக்குகேன்.”

“பின்ன ஏன் முதலாளி என்னைய வேலைய விட்டு நிறுத்தல்ல?”

முதலாளி சாவியைத் திருப்பி அவர் கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

“எனக்க வாயில நல்ல வார்த்த வராதுன்னுதான வே உம்ம வச்சிருக்கேன்.”