தட்டில் பதிந்த விரல்கள்

"அம்மா, இதுக்காக அவளை வேண்டாம்னு சொல்லிடாதே! பஸ்ல வந்தவ, கம்பியைப் பிடிச்சிருப்பா."

மகன் கெஞ்சினான். மேஜையில், கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றதில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. ஓரத்தில் ஒரே ஒரு ஊதாப் புள்ளி.

அம்மா லேசுப்பட்டவள் இல்லை. அவள் கண்டுபிடித்த கிருமிக்கு அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள். முந்தாநாள் அவன் தன் காதலியை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, இருவரையும் ஆளுக்கொரு தட்டில் விரல் பதிக்கச் சொன்னதும் அம்மாதான்.

"யாருடா அவளை வேண்டாம்னது? சுத்தமா இருக்கே, அதுதான் அவ தட்டு. மத்தது உன்னோடது."

"என்னது!"

"இந்த யோசனையே அவளோடதுதான். நீ போன் பேச வெளியே போனப்ப, 'கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பையனைச் சோதிச்சுப் பார்த்துடலாமா ஆன்ட்டி'ன்னு கேட்டா. அவளும் கிருமி படிச்சவதானே!"

மகன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "ரிசல்ட்டைச் சொல்லிட்டியா?"

"காலையிலேயே வந்து பார்த்துட்டா. இந்த ஊதாக் கிருமியை அவ பார்த்ததே இல்லையாம். நானும்தான். அவ சொல்ற வரைக்கும் நீ சோப்பையே தொடக் கூடாதாம்."

"அப்போ கல்யாணம்?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா சிரித்தார்.

"கவலையை விடுடா. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி இதே சோதனையில நானும் பெயில்தான். உங்கம்மா பேர்ல ஒரு கிருமி இருக்கே, அது என் கட்டைவிரல்ல இருந்து வந்ததுதான். அதுக்கப்புறம் என்னை விட்டாளா?"