பாதித் துண்டு

நெருப்பெரிச்சலில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் ஜனனிதான் மெர்ச்சண்டைசர்; ஆர்டர் தரும் பையர்களிடம் பேசி சாம்பிளுக்கு ஓகே வாங்குவது அவள் வேலை. ஒவ்வொரு பையரின் மெயிலுக்கும் ஒரு நிறத்தில் ஃபோல்டர் வைத்திருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. திங்கட்கிழமை பார்த்தால், அவள் வைக்காத ஃபோல்டர் ஒன்று இருந்தது. பெயர் இல்லை, உள்ளே மெயிலும் இல்லை. முருங்கைப் பூவில் சாம்பல் கலந்தது போல ஒரு நிறம். அழிக்க மனசு வரவில்லை.

சாயப்பட்டறை ராக்கையாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். "அண்ணா, இந்தக் கலர்ல ஒரு சாம்பிள் துண்டு போட்டுக் குடுங்க."

"எந்தப் பையருக்கு மேடம்?"

"யாருக்கும் இல்லீங்க. எனக்குப் புடிச்சிருக்கு."

வழக்கமாகச் சாம்பிள் துண்டில் பாதியை வெட்டி, கலர் சரியா என்று பார்க்கப் பையருக்கு அனுப்புவார்கள். மீதிப் பாதி ஃபைலுக்கு. சாயங்காலம் ராக்கையா கொண்டுவந்து கொடுத்த இந்தத் துண்டை வெட்டாமல் டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை அந்த ஃபோல்டரில் ஒரு மெயில் கிடந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. 'துண்டு கிடைத்தது. கலர் ஓகே.'

ராக்கையாவுக்கு வாயெல்லாம் பல். "மொதத் தடவையே ஓகேயா! எந்தப் பையரு மேடம் இப்படிச் சொல்லிருக்கான்?"

ஜனனிக்கும் சந்தோஷம்தான். டிராயரைத் திறந்தாள். பாதித் துண்டுதான் இருந்தது. வெட்டு நேராக, சுத்தமாக இருந்தது.

வழக்கம்போல அதை ஃபைலில் வைத்து ஸ்டேப்பிள் அடித்தாள்.